மெட்டுக்கு ஏது பூர்வீகம்?

போன மாதம் எங்கள் வாசகர் புலனக் குழுவில் ஒருவர் ஒரு காணொளியைப் பகிர்ந்தார். ஒரு நிமிடம்கூட ஓடாது. முதல் பாதியில் 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘மமூலா மூன்’ என்ற பாட்டு. ஹவாய் கித்தார் வழுக்கிக்கொண்டு போகிறது. திரையில் கடற்கரை, தென்னை, நிலா. மறு பாதியில் நம் நெகாராகூ. இரண்டும் ஒரே மெட்டு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘தேசிய கீதமே காப்பி. இதுல வேற நெஞ்ச நிமித்தி நிக்கணுமாம்!’

ஐந்து நிமிடத்தில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். “அப்ப இந்த நாட்டுல ஒரிஜினலா ஒண்ணுமே இல்லையாலா?” என்றார் ஒருவர். இன்னொருவர், நம் தமிழ் சினிமா இசையமைப்பாளர்கள் யார் யார் எங்கெங்கே ‘சுட்டார்கள்’ என்று பட்டியல் போடும் காணொளி ஒன்றை அனுப்பி, “இதுல சேத்துக்கலாம்” என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எரிச்சல் வந்தது. நண்பர்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. காரணம், இந்த இரண்டு பாட்டும் ஒரே மெட்டு என்பது எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருநாளும் அதைக் ‘காப்பி’ என்று சொன்னதில்லை.

என் பெரியப்பா ஈப்போ பக்கம் ஒரு சின்ன இசைக்குழுவில் அக்கோர்டியன் வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளி உபசரிப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவார். 1990களின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எதையோ மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே எனக்கு மெட்டு பிடிபட்டுவிட்டது. தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமை சபைகூடலில் பழக்கிய உடம்பு. சட்டென்று எழுந்து கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “உக்காருடா. இது அது இல்ல. அது எந்திரிச்சி நிக்கிற பாட்டு. இது உக்காந்து கேக்குற பாட்டு.”

“ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?”

“மெட்டு ஒண்ணு. பாட்டு வேற.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இத மேடையில வாசிக்கக் கூடாது. வீட்டோட சரி” என்றார்.

அந்த உட்கார்ந்து கேட்கிற பாட்டின் பெயர் ‘தெராங் புலான்’. நிலா வெளிச்சம் என்று சொல்லலாம். எங்கள் குழு நண்பர்கள் ஒரு நிமிடக் காணொளியில் எதைத் தவறவிட்டார்களோ, அது பெரியப்பாவின் அந்த நான்கு சொற்களில் இருந்தது. மெட்டு ஒன்று, பாட்டு வேறு. இந்தக் கட்டுரை அந்த நான்கு சொல்லுக்கான என் வக்காலத்து.

முதலில் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகத் தெரிந்ததால்தான் இவ்வளவு சிரிப்பும்.

1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்டார். அதன் தொடர்ச்சியாகச் சுல்தான் அப்துல்லா 1877இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே மாஹே தீவில் ஒரு பிரெஞ்சு மெட்டு பிரபலமாக இருந்தது, சுல்தானின் குடும்பம் அதைக் கேட்டுப் பழகியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த மெட்டை ‘லா ரொசாலி’ என்றும், பியர் ழான் தெ பெராங்ஜே என்ற பிரெஞ்சுப் பாடலாசிரியரோடு தொடர்புபடுத்தியும் சொல்வார்கள். பின்னால் சுல்தான் இட்ரிஸ் இங்கிலாந்து போனபோது, ‘உங்கள் மாநில கீதம் எது?’ என்று கேட்கப்பட, அப்படி ஒன்றே இல்லாத நிலையில் உடன் சென்ற உதவியாளர் இந்த மெட்டை முணுமுணுத்துச் சமாளித்தார் என்று இன்னொரு கதை. எப்படி வந்ததோ, அந்த மெட்டு பேராக்கின் மாநில கீதமானது. ‘அல்லா லஞ்சுட்கான் ஊசியா சுல்தான்’ என்று அதற்குப் பெயர்.

அதே மெட்டு அரண்மனைக்கு வெளியிலும் உலவியது. தீபகற்பத்திலும் இந்தோனேசியத் தீவுகளிலும் பங்சாவான் நாடக மேடைகளில், கேளிக்கை அரங்குகளில், குரோன்சோங் குழுக்களில் அது ‘தெராங் புலான்’ ஆனது. 1930களில் அது ஊரறிந்த பாட்டு. அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து போய், பீலிக்ஸ் மெண்டல்சன் என்ற வாத்தியக்குழுத் தலைவரின் கையில் ‘மமூலா மூன்’ ஆனது. (மேற்கத்திய இசை கேட்பவர்கள் குழம்ப வேண்டாம். அந்த ஜெர்மானிய மேதை 1847இலேயே இறந்துவிட்டார். இவர் அதே பெயருள்ள ஆங்கிலேயர், ஹவாய் பாணிக் குழு வைத்திருந்தவர்.)

பிறகு 1957. சுதந்திரத்துக்கு நாள் நெருங்குகிறது, கீதம் இல்லை. உலகளாவிய போட்டி வைத்தார்கள். 514 பாட்டுகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. பெரிய ஆட்களைக் கேட்டார்கள்: பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜியான் கார்லோ மெனோட்டி. சிங்கப்பூரிலிருந்த சுபிர் சைட்டும் ஒரு மெட்டு கொடுத்தார். எதுவும் ஒப்பவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக் மாநில கீதத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டு புதிய வரிகள் போட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டனும் வால்டனும் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்கள். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ளவர்கள். இதற்கு முன்னால் யாரும் கேட்டிராத, யாரிடமும் ‘சுடாத’ மெட்டுகள் மேசைமேல் கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, ஏற்கெனவே இங்குள்ள வாய்களுக்குப் பழகிய ஒரு மெட்டை எடுத்தார்கள். ‘ஒரிஜினலா ஒண்ணுமே இல்லையா’ என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: ஒரிஜினல் இருந்தது. வேண்டாம் என்றார்கள். பிரிட்டன் எழுதிய மெட்டை ஏற்றிருந்தால் அது முற்றிலும் புதியதாக இருந்திருக்கும். முற்றிலும் பிரிட்டனுடையதாகவும் இருந்திருக்கும். நம் ஆட்களுக்குத் தேவைப்பட்டது வாயில் ஏறிய மெட்டு.

சுபிர் சைட்டின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் 1907இல் மேற்குச் சுமத்ராவின் புக்கிட்திங்கியில் பிறந்தவர். 1928இல் சிங்கப்பூருக்கு வந்து பங்சாவான் குழுவில் சேர்ந்தார். 1958இல் அவர் அமைத்த பாட்டுதான் ‘மஜுலா சிங்கப்பூரா’. அந்த மெட்டு அசல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அமைத்தவர் வெளியிலிருந்து வந்தவர். இங்கே மெட்டு வெளியிலிருந்து வந்தது, அங்கே மனிதர் வெளியிலிருந்து வந்தார். பூர்வீகச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கீதமே இருந்திருக்காது.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்பவர்களிடம் எனக்குள்ள முதல் சண்டை, அவர்கள் கேட்கவே இல்லை என்பதுதான். ஒற்றுமையைக் கண்டுபிடித்ததும் காதை மூடிவிடுகிறார்கள்.

தெராங் புலான் மெதுவாக நடக்கும் பாட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரல் ஒரு நொடி தயங்கி, அடுத்த சுரத்துக்கு வழுக்கி இறங்கும். அந்த வழுக்கல்தான் பாட்டின் உயிர். அதனால்தான் ஹவாய் கித்தார்க்காரர்களுக்கு அது அவ்வளவு பொருந்தியது. வரிகள் ஒரு பந்துன். பந்துன் வடிவம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல: முதல் பாதி ஒரு காட்சி, மறு பாதி அதன் பொருள். ஆற்றின் மேல் நிலா. செத்துவிட்டது என்று நினைத்த முதலை மேலே மிதந்து வருகிறது. பிறகு, ஆம்பிளைகளின் வாய்ச்சொல்லை நம்பாதே, சத்தியம் செய்யத் துணிவார்கள், சாகத்தான் பயப்படுவார்கள் என்று ஓர் எச்சரிக்கை. காதல் பாட்டு மாதிரி ஆரம்பித்து நக்கலில் முடிகிறது. நிலவொளியை நம்பி ஆற்றில் கால் வைக்காதே என்கிற தாய்மாரின் குரல் அது. மெட்டு கொஞ்சும், வார்த்தை குத்தும். அந்த முரண்தான் பாட்டின் அழகு.

நெகாராகூவில் அந்த வழுக்கல் முழுக்க எடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுரமும் அதன் இடத்தில் விறைத்து நிற்கும். தயங்க வேண்டிய இடத்தில் முரசு உருளும். ஆயிரம் பேர் சேர்ந்து பாட வேண்டும் என்பதால் தனிக்குரலின் குழைவுக்கு இடமில்லை. வரிகளிலும் அப்படித்தான். பந்துனின் காட்சிப் பாதி போய்விட்டது, பொருள் மட்டும் நிற்கிறது: பிறந்த மண், ஒற்றுமை, முன்னேற்றம், இறையருள், அரசர். ஆறில்லை, நிலாவில்லை, முதலையும் இல்லை. ஒரு பாட்டு யாரையும் நம்பாதே என்கிறது. இன்னொன்று நம்பி ஒன்றாக நில் என்கிறது. இவ்வளவு எதிரெதிராக நிற்கும் இரண்டு பாட்டுகளை ஒன்றின் நகல் இன்னொன்று என்று எந்த வாயால் சொல்கிறோம்?

கவிதை என்று பார்த்தால் என் ஓட்டு தெராங் புலானுக்குத்தான். முதலைக்காக மட்டுமே போடுவேன். ஆனால் சபைகூடலில் முந்நூறு பிள்ளைகள் நின்று முதலையைப் பற்றிப் பாட முடியாது. அந்தந்தப் பாட்டுக்கு அந்தந்த வேலை.

நடை மாறினால் பாட்டே மாறிவிடும் என்பதற்கு நம் கீதமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் நெகாராகூவை வேகமான அணிநடைப் பாட்டாக மாற்றினார்கள். நான் பள்ளியில் பாடியது அந்த வேகத்தில்தான். அதே மெட்டு, அதே வார்த்தை. ஆனாலும் அதில் எங்கோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிற அவசரம் இருந்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 2003இல் மறுபடி நிதானமான நடைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நிதானமான நெகாராகூவை முதன்முறை கேட்டபோது எனக்குப் பெரியப்பா வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. அக்காள் தங்கை இருவரும் ஒரே சாயலில் திரும்பிப் பார்த்தது போல. மெட்டும் மாறாமல் வரிகளும் மாறாமல் வேகம் மட்டும் மாறியே ஒரு பாட்டு வேறாகிவிடும் என்றால், நடையும் சொல்லும் இடமும் நோக்கமும் மாறிய பாட்டு எத்தனை தூரம் வேறாகியிருக்கும்!

“இதெல்லாம் சப்பைக்கட்டு. எடுத்தா எடுத்ததுதான்” என்று சொல்லும் நண்பர்களுக்கு நம் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன்.

பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு ‘வர்ணமெட்டு’ என்ற சொல் தெரிந்திருக்கும். பாட்டுக்கு மேலே, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புதுப் பாட்டுக் கட்டுவது நம்மிடம் வெட்கப்படும் காரியமாக இருந்ததில்லை. பாரதி அப்படிச் செய்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக ஆசைப்படும் நந்தனைப் பார்த்து ஆண்டை சாதியைச் சொல்லி இழித்துப் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. பாரதி அந்த மெட்டையே எடுத்து ‘தொண்டு செய்யும் அடிமை’ என்ற பாட்டை எழுதினார். சுயராஜ்யம் கேட்கும் இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏளனமாகப் பேசும் பாட்டு அது.

என்ன நடக்கிறது பாருங்கள். நந்தனார் பாட்டைக் கேட்டுப் பழகியவர் காதில் பழைய மெட்டு விழுகிறது. ஆண்டை நின்ற இடத்தில் இப்போது வெள்ளைக்காரன் நிற்கிறான். நந்தன் நின்ற இடத்தில் கேட்பவரே நிற்கிறார், அவர் எந்தச் சாதியாக இருந்தாலும். நேற்றுவரை நந்தனைக் கீழாகப் பார்த்தவனுக்கு, அதே மெட்டில் தன்னை ஒருவன் கீழாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று காட்டிவிடுகிறார். புது மெட்டில் எழுதியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. மெட்டு பழையதாக இருப்பதுதான் அந்தப் பாட்டின் ஆயுதம். பாரதியைக் ‘காப்பி’ என்று சொல்ல நம் குழுவில் யாருக்காவது தைரியம் உண்டா?

அப்படியென்றால் இசையில் திருட்டே கிடையாதா? கிடையாது என்று நான் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் ஒரு கலைஞனின் உழைப்பை எடுத்து, அவன் பெயரை மறைத்து, காசைத் தான் வாங்கிக்கொள்வது திருட்டு. அதைத் திருட்டு என்றே சொல்ல வேண்டும். நம் சினிமா ரசிகர்கள் ‘அவர் மேதைலா, அவர் செஞ்சா அது இன்ஸ்பிரேஷன்’ என்று வக்காலத்து வாங்குவதும் தப்பு. ஆனால் திருட்டா இல்லையா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகளாவது கேட்க வேண்டும். எடுத்தது யாருடையது? எடுத்ததை மறைத்தார்களா? எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள்? பட்டியல் காணொளிகள் இந்த மூன்றையும் கேட்பதில்லை. இரண்டு துணுக்குகளை அடுத்தடுத்து ஒட்டிவிட்டு நம்மைச் சிரிக்க வைக்கின்றன. விமர்சனம் செய்ய வேண்டிய உழைப்பிலிருந்து நம்மைத் தப்பிக்க விடுகின்றன. அதற்காகத்தான் நமக்கு அவற்றைப் பிடித்திருக்கிறது.

இந்த மூன்று கேள்வியில் நம் அரசாங்கம் எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கேள்வியில் சிக்கல் இல்லை. 1957இல் அந்த மெட்டு பேராக்கின் கீதமாகவும் பொதுமக்களின் பாட்டாகவும் இருந்தது. இரண்டாவதில்தான் தடுமாற்றம். நெகாராகூ அதிகாரபூர்வமானதும் அதே மெட்டைக் கேளிக்கைப் பாட்டாகப் பாடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. பெரியப்பா குரலைத் தாழ்த்தியது அதனால்தான். 1968ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டம் கீதத்தை அவமதிப்பவருக்கு 100 ரிங்கிட் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. கீதத்துக்கு மரியாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தங்கைக்குக் கிரீடம் வைத்ததற்காக அக்காளை வீட்டைவிட்டுத் துரத்துவது என்ன நியாயம்? பாரதி மூலப் பாட்டின் பெயரைத் தன் பாட்டின் தலையிலேயே போட்டார். நாம் மூலத்தை மறந்துவிடச் சொல்லி ஒரு தலைமுறையைப் பழக்கினோம். விளைவு, இன்று ஓர் இளைஞனுக்குத் தெராங் புலான் அறிமுகமாவதே ஒரு கேலிக் காணொளி வழியாகத்தான். மறைத்ததால்தான் அது ‘அம்பலப்படுத்த’ வேண்டிய ரகசியம் போலாகிவிட்டது.

பக்கத்து நாட்டுக்காரர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2007இல் நம் சுற்றுலா விளம்பரத்தில் ‘ராசா சாயாங்’ ஒலித்ததும் இந்தோனேசியாவில் எங்கள் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்தார்கள். 2009இல் மலேசியா பற்றிய ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் வந்ததும் மறுபடி கொதிப்பு. அந்தச் சூட்டிலேயே நெகாராகூவும் தெராங் புலானிலிருந்து திருடியது என்ற குற்றச்சாட்டும் கிளம்பியது. பெண்டெட் விஷயத்தில் அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அது பாலியின் நடனம், அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தெராங் புலான் விஷயத்தில், பிரெஞ்சு மெட்டு என்று சொல்லப்படும் ஒன்றுக்கு இரண்டு நாடுகள் வேலி போட்டுச் சண்டையிடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அந்த மெட்டு பாடப்பட்ட நாட்களில் பினாங்கிலிருந்து மேடானுக்கும் சிங்கப்பூரிலிருந்து பத்தாவியாவுக்கும் நாடகக் குழுக்கள் போய்வந்துகொண்டிருந்தன. குடிநுழைவு முத்திரை குத்திக்கொண்டா மெட்டு கடல் தாண்டியது?

இவ்வளவு வரிந்து கட்டிக்கொண்டு ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஒரு நகைச்சுவைக் காணொளிக்கு இவ்வளவு கோபமா? கோபத்துக்குக் காரணம் காணொளி இல்லை. அது எங்கள் குழுவில் வந்ததுதான்.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் இந்நாட்டுத் தமிழர்கள். எங்களில் ‘பெண்டாத்தாங்’ என்ற சொல்லைக் கேட்காதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வந்தேறி. எனக்கு அது கடைசியாகக் கிடைத்தது ஒரு கார் நிறுத்துமிடத்தில். அற்பத் தகராறு, யார் முதலில் வந்தது என்பதுதான் விஷயம். இரண்டு நிமிடத்தில் அது யார் வண்டி முதலில் வந்தது என்பதிலிருந்து யார் தாத்தா முதலில் வந்தது என்பதற்குப் போய்விட்டது. “பாலிக் இந்தியா!” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். நான் காரிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் பாட்டனார் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். அவர் மகன், மகனுடைய பிள்ளைகள், நான், என் மகள் எல்லாரும் பேராக்கில் பிறந்தவர்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வேண்டுமா என்ற அலுப்பில் சொல்லவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் அந்த மனிதர் கேட்ட கேள்வியும் எங்கள் குழு நண்பர் நெகாராகூவைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் ஒன்றே. ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் தீர்ப்பும் ஒன்றே: ‘அப்படியானால் நீ உண்மையானவன் இல்லை.’ வந்த பிறகு என்ன செய்தான், எத்தனை வருடம் இங்கே உழைத்தான், யார் வாயில் எல்லாம் ஏறினான் என்பது கணக்கில் வராது. இந்தக் கேள்வி நம்மை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று தெரிந்த நாமே அதை எடுத்து ஒரு பாட்டின் மேல் எறிந்துவிட்டுச் சிரிக்கிறோம். கத்தியைத் தீட்டி எதிரி கையில் கொடுப்பதற்குப் பெயர் கிண்டல் என்றால், நல்ல கிண்டல்.

மெட்டும் மனிதனும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. மெட்டுக்கு வலிக்காது, குடியுரிமையும் தேவையில்லை. ஆனால் மூலத்தை வைத்து மதிப்பிடும் மனப்பழக்கம் ஒன்றே. அது பாட்டோடு நிற்காது. மொழிக்கு வரும், சாமிக்கு வரும், சாப்பாட்டுக்கு வரும், கடைசியில் ஆளிடம் வரும்.

உண்மையில் நாம் செய்திருக்க வேண்டியது நேர் எதிர். அந்தக் காணொளி நம் கைக்குக் கிடைத்த அருமையான சாட்சியம். வந்தேறி என்று நம்மைச் சொல்பவர்களிடம், ‘ஐயா, நீங்களும் நானும் எழுந்து நின்று பாடுகிறோமே, அந்தப் பாட்டின் மெட்டும் கப்பலில் வந்ததுதான். என் பாட்டனாருக்கு ஒரு தலைமுறை முந்தி வந்தது, அவ்வளவுதான். அதைத் திரும்பிப் போகச் சொல்வீர்களா?’ என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கீதத்தின் சொற்களும் நம் பக்கம்தான் நிற்கின்றன. பிறந்த மண்ணை மலாய் மொழியில் ‘தானா தும்பா டாரா’ என்பார்கள். இரத்தம் சிந்திய மண். பள்ளியில் பலருக்கும் இதைப் போர்க்கள இரத்தம் என்றுதான் புரிந்தது, எனக்கும் அப்படித்தான். அந்த மரபுத்தொடர் குறிப்பது பிரசவத்தின்போது தாயின் இரத்தம் சிந்திய இடத்தை. நெகாராகூவின் தொடக்கத்திலேயே இந்தத் தொடர் வருகிறது. அதாவது இந்நாட்டின் கீதம் ஒருவனை இந்த மண்ணுக்குரியவன் என்று சொல்ல வைத்திருக்கும் அளவுகோல், அவன் தாத்தா எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்பதில்லை. அவன் தாய் அவனை எங்கே பெற்றாள் என்பது. கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு மெட்டின் மேல் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட வலுவான வாதம் நமக்கு வேறு எங்கே கிடைக்கும்? அதைத்தான் ‘காப்பி’ என்று சிரித்துத் தள்ளிவிட்டோம்.

அன்று இரவு குழுவில் இதையெல்லாம் எழுதவில்லை. தெராங் புலானின் பழைய பதிவு ஒன்றைத் தேடியெடுத்து அனுப்பி, “இதையும் முழுசா கேளுங்க. மெட்டு ஒண்ணு, பாட்டு வேற” என்று மட்டும் போட்டேன். இரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள். காணொளி அனுப்பிய நண்பர் மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, “அந்த முதலை மேட்டர் என்னா?” என்று கேட்டார். அரைமணி நேரம் பேசினோம்.

பெரியப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அக்கோர்டியன் என் வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என் மகள் அடுத்த வருடம் முதலாம் ஆண்டு போகிறாள். நெகாராகூவைப் பள்ளியில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தெராங் புலானை நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.